பழைய ஏடு மெய்யா, போலியா?
(வோய்னிச் கையெழுத்து நூலை முன்வைத்து ஓர் ஆராய்ச்சிப் பாடம்)

அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலையின் பைனக்கி நூல்நிலையத்தில், 408 என்னும் இலக்கமிட்டு ஒரு கையெழுத்து நூல் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அதனை எழுதியவர் யார் என்பது தெரியாது. அது எந்த மொழி என்பதும் தெரியாது. அதிலுள்ள எழுத்து வேறெந்த நூலிலும் இதுவரை காணப்படவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக மொழி வல்லுநரும், கணித வல்லுநரும், போர்க்காலத்தில் பகைவரின் இரகசியச் செய்திகளை உடைத்துப் படித்த நிபுணரும் அதனோடு மல்லாடியிருக்கின்றனர். இன்றளவும் அதில் ஒரு வரியைத்தானும் எல்லோரும் ஒப்பும்படி படித்துக் காட்டியவர் இல்லை. 1912-ஆம் ஆண்டில் அதனை விலைக்கு வாங்கிய வில்ஃப்ரிட் வோய்னிச் என்னும் புத்தக வியாபாரியின் பெயரால் அது ‘வோய்னிச் நூல்’ என்று வழங்குகிறது.

படிக்க இயலாத நூல் என்றால் ஐயம் எழுவது இயல்பே. “இது உண்மையிலேயே பழைய நூல்தானா? அல்லது பணத்திற்காக எவனோ புனைந்த போலியா?” என்ற வழக்கு நீண்ட காலமாக நடந்து வருகிறது. இவ்வழக்கை நாம் பாடமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மெய்யையும் போலியையும் பிரித்தறிவது நம் உலமாக்கள் நூற்றாண்டுக்கணக்கில் பயின்ற கலை. ஸனது என்னும் அறிவிப்பாளர் தொடரையும், மத்னு என்னும் வாசகத்தையும் தனித்தனியே சோதித்தவர்கள் அவர்கள். தொடர் சரியாக இருப்பதனால் மட்டும் வாசகம் சரியாகிவிடாது என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். அக்கலையை ஐரோப்பியப் படநூல் ஒன்றோடு சமமாக வைப்பது நம் கருத்தன்று. சோதிக்கும் முறையை மட்டுமே ஈண்டு துணைக்குக் கொள்கிறோம்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘மெய்யா, போலியா?’ என்பது பார்வைக்கு ஒரு கேள்வி; பிரித்துப் பார்த்தால் மூன்று கேள்விகள். முதலாவது: இந்தப் பொருள் பழையதா? இரண்டாவது: இதனைப் பற்றிச் சொல்லப்படும் வரலாறு உண்மையா? மூன்றாவது: இதில் எழுதியிருப்பதற்குப் பொருள் உண்டா? தோல் பழையது என்பதால் கதை உண்மையாகிவிடாது. கதை பொய் என்பதால் தோல் புதியதாகிவிடாது. நம்மால் படிக்க இயலவில்லை என்பதால் அது வெற்றெழுத்தும் ஆகிவிடாது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதனாலேயே இவ்வழக்கு இத்தனை காலம் சிக்கலாகிக் கிடந்தது.

1. நூலின் அமைப்பு

நூலின் உயரம் சுமார் 23 செண்டிமீட்டர். அகலம் 16 செண்டிமீட்டர். ஏடுகள் கன்றுத்தோலைப் பதப்படுத்திச் செய்தவை. பக்கங்கள் ஏறக்குறைய 240. சில ஏடுகள் மடிப்பு மடிப்பாக விரியக்கூடியவை. பிற்காலத்தார் ஏடுகளுக்கு இட்ட எண் 116 வரை செல்கிறது. ஆனால் இடையிடையே சில ஏடுகள் காணாமற்போய்விட்டன. எழுத்து இடமிருந்து வலமாகச் செல்கிறது. அடித்தல் திருத்தல் மிக அரிது.

பாதி நூலுக்குமேல் செடிகளின் படங்கள். வேர், தண்டு, இலை, பூ எல்லாம் இருந்தும், பெரும்பாலானவை இன்ன செடி என்று சொல்ல இயலாதவை. அடுத்து வட்ட வட்டமாக நட்சத்திரங்களும் இராசிகளைச் சார்ந்த உருவங்களும் வருகின்றன. அதன்பின் குழாய்களால் இணைந்த நீர்த்தொட்டிகளும், அவற்றில் நீராடும் சிறு பெண்ணுருவங்களும். மருந்துச் சாடிகளும் வேர்த்துண்டுகளும் கொண்ட பகுதி வேறு. இறுதியில் படமின்றி எழுத்து மட்டும். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. படங்களை மட்டும் பார்ப்போர் இதனை ஒரு வைத்திய நூல் என்று ஊகிக்கின்றனர்.

2. நூல் கைமாறி வந்த வழி

போலந்து மரபினரான வோய்னிச் லண்டனில் பழைய புத்தக வியாபாரம் செய்தவர். 1912-இல் ரோமாபுரிக்கு அருகே ஃபிரஸ்காத்தியிலுள்ள மொந்திரகோனே மாளிகையில், ஏசு சபைப் பாதிரிமார் விற்ற பழைய நூல்களுள் ஒன்றாக இது அவர் கைக்கு வந்தது. நூலோடு ஒரு லத்தீன் கடிதமும் இருந்தது. அது பிராக் நகரின் பெயர்பெற்ற மருத்துவரான யோவான் மார்கஸ் மார்சி, ரோமாபுரியிலிருந்த பாதிரியார் அதனாசியஸ் கிர்ச்சருக்கு எழுதியது. அதன் ஆண்டு 1665. 1666 என்று படிப்போரும் உளர். கிர்ச்சர் அக்காலத்தில் எகிப்தியச் சித்திர எழுத்தையே படித்துவிட்டதாகப் புகழ் பெற்றிருந்தார். அவர் படித்தது தவறென்பது பின்னர்தான் தெளிவாயிற்று. ஆகவே புரியாத எழுத்தென்றால் அவரைத் தேடிச் செல்வது வழக்கமாயிருந்தது.

மார்சியின் கடிதம் கூறுவதன் சாரம் இது: இந்நூல் தமக்கு ஒரு நண்பர் விட்டுச்சென்றது. ரஃபேல் என்பவர் தம்மிடம் சொன்னபடி, இதனைச் சக்கரவர்த்தி இரண்டாம் ருடால்ஃப் 600 பொற்காசு கொடுத்து வாங்கினார். இதனை இயற்றியவர் ஆங்கில அறிஞர் ரோஜர் பேக்கன் என்பது ரஃபேலின் எண்ணம். ஆனால் மார்சி அதனைத் தம் முடிவாகக் கூறவில்லை. அவ்விஷயத்தில் தாம் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வதாக எழுதியிருக்கிறார். நம் உலமாக்கள் இந்நிலையைத் ‘தவக்குஃப்’ என்பார்கள். சான்று போதாதபோது நாவை அடக்கி நிற்றல். இச்சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நிற்க. இத்தொடரை ஸனதுபோல் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? ருடால்ஃப் ஆண்டது 1576 முதல் 1612 வரை. ரஃபேல் இறந்தது 1644. மார்சி எழுதியது அதற்கும் இருபதாண்டுகளுக்குப் பின். ஆக, சக்கரவர்த்தி வாங்கினார் என்பது ஒருவர் சொல்லக் கேட்டு மற்றவர் முதுமையில் எழுதிய செய்தி. அது பொய்யாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் தனித்து நின்றால் பலவீனமான செய்திதான்.

அதற்கு வலுச் சேர்க்கும் சாட்சிகள் இரண்டு கிடைத்தன. முதல் ஏட்டின் அடியில் அழிந்துபோன ஒரு கையொப்பம் உண்டு. புற ஊதாக் கதிரில் அது தெரிகிறது. அது ருடால்ஃபின் அரண்மனையோடு தொடர்பு கொண்டிருந்த மருந்து வல்லுநர் யாக்கோபு தெ தெபெனெட்ஸின் பெயர். ‘தெபெனெட்ஸ்’ என்னும் பட்டம் அவருக்குக் கிடைத்தது 1608-இல். அவர் இறந்தது 1622-இல். ஆகவே அவர்தம் கையொப்பமாயின், அந்தப் பதினான்கு ஆண்டுகளுக்குள் இட்டதாகவே இருக்கவேண்டும்.

மற்றொன்று, பிராக் நகரத்து ரசவாதி ஜார்ஜ் பாரெஷ் 1639-இல் கிர்ச்சருக்கு எழுதிய கடிதம். மார்சிக்கு நூலை விட்டுச்சென்ற நண்பர் இவரே. அறியாத எழுத்தில், செடிகளும் நட்சத்திரங்களும் வரைந்த ஒரு நூல் தம்மிடம் இருப்பதாகவும், அதன் பொருளை அறிய விரும்புவதாகவும் அவர் எழுதியிருக்கிறார். ரோமாபுரியில் கிர்ச்சரின் கடிதத் தொகுப்பினுள் கிடந்த இக்கடிதம் ஆராய்ச்சியாளரின் கவனத்திற்கு வந்தது வோய்னிச் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே.

வோய்னிச் 1930-இல் காலமானார். அவர் உயிரோடிருந்தவரை நூல் விலைபோகவில்லை. அவருடைய மனைவி எத்தல் வோய்னிச் பெயர்பெற்ற நாவலாசிரியை. அவர் 1960-இல் மறைந்தபின், 1961-இல் ஹான்ஸ் கிராவுஸ் என்னும் வியாபாரி 24,500 டாலருக்கு அதனை வாங்கினார். அவருக்கும் வாங்குவோர் கிடைக்காமையால் 1969-இல் யேல் சர்வகலாசாலைக்கு நன்கொடையாக அளித்துவிட்டார்.

3. போலி என்று குற்றஞ்சாட்டினோர்

குற்றச்சாட்டு இருவகை. “பதினாறாம் நூற்றாண்டில் ருடால்ஃபை ஏமாற்றப் புனைந்தது இது, எட்வர்ட் கெல்லி என்னும் ஆங்கிலேய ரசவாதியின் கைவேலையாக இருக்கலாம்” என்றனர் ஒரு சாரார். “அவ்வளவு தூரம் போவானேன்? வோய்னிச்சே பழைய தோலைத் தேடிப் பிடித்து எழுதி, மார்சியின் கடிதத்தையும் சேர்த்துப் புனைந்திருப்பார்” என்றனர் மறுசாரார். வோய்னிச் வியாபாரி. ரோஜர் பேக்கனின் கைப்பிரதி என்று நிலைநாட்டினால் பெருவிலை கிடைக்கும். இலாபம் உண்டு என்பது உண்மையே. ஆனால் இலாபம் உண்டு என்பது குற்றம் நடந்ததற்குச் சாட்சியாகுமா?

இங்கே ஒரு மனிதரின் மானம் சம்பந்தப்பட்டிருக்கிறது. இறந்துபோனவர் எழுந்து வந்து மறுமொழி கூறமாட்டார். ஆகவே இக்குற்றச்சாட்டைப் பொழுதுபோக்குப் பேச்சாகக் கொள்ளாமல் வழக்காகவே நடத்தவேண்டும்.

4. அல்கத்தீபு காட்டிய வழி

போலி ஆவணத்தைக் கண்டுபிடித்தவர்களுள் நாம் மறக்கக்கூடாதவர் அல்கத்தீபுல் பக்தாதி அவர்கள். ஹிஜ்ரி 463-இல் (கி.பி. 1071) மறைந்த இப்பெரியார், ‘தாரீகு பக்தாது’ என்னும் பெருநூலின் ஆசிரியர். அவர்கள் காலத்தில் கைபர் யூதர்களுக்கு ஜிஸ்யா வரியை நீக்கி நபி (ஸல்) அவர்கள் வழங்கியதாகச் சொல்லப்பட்ட ஒரு பத்திரம் பக்தாதில் கொண்டுவரப்பட்டது. சஹாபாக்களின் சாட்சியும் அதில் இருந்தது. அமைச்சர் இப்னுல் முஸ்லிமா அதனை அல்கத்தீபிடம் காட்டினார். பார்த்தவுடன், “இது போலி” என்றார்கள். “எப்படிக் கண்டீர்?” என்று கேட்டதற்கு இரண்டே காரணங்கள் கூறினார்கள். சாட்சிகளுள் முஆவியா (ரலி) அவர்களின் பெயர் இருக்கிறது. அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது ஹிஜ்ரி 8-இல், மக்கா வெற்றியின் ஆண்டில். கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7-இல். ஸஅது பின் முஆது (ரலி) அவர்களின் பெயரும் இருக்கிறது. அவர்கள் கைபருக்கு இரண்டாண்டுகள் முன்னரே, ஹிஜ்ரி 5-இல் காலமாகிவிட்டார்கள்.

இதில் கவனிக்கத்தக்கது, பத்திரத்தைக் கொண்டுவந்தவர் யார், எந்தச் சமூகத்தார் என்பதை அல்கத்தீபு அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. ஆண்டுக் கணக்கு ஒன்றைக்கொண்டே தீர்ப்பளித்தார்கள். அத்தீர்ப்பு நிலைத்ததற்கு மற்றொரு காரணம், அவர்கள் எடுத்துக்காட்டிய இரு செய்திகளும் ஐயத்திற்கு இடமற்றவை.

இதே முறையை வோய்னிச் நூலிலும் கையாள முயன்றனர். 1944-இல் ஹியூ ஓநீல் என்னும் தாவர நூலறிஞர், ஒரு படத்திலுள்ள செடி சூரியகாந்தி என்றார். சூரியகாந்தி அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492-இல் அங்குச் சென்றதற்கு முன் ஐரோப்பியர் அதனைக் கண்டிருக்க முடியாது. ஆகவே நூல் அதற்குப் பிற்பட்டது என்பது அவர் வாதம். வாதத்தின் வடிவம் அல்கத்தீபு அவர்களின் வாதத்தைப் போன்றதே. ஆனால் அடிப்படை வேறு. அங்கே பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. இங்கே அந்தப் படம் சூரியகாந்திதான் என்பதே ஊகம். மற்றத் தாவர நூலார் பலர் அதனை ஒப்பவில்லை. ஐயமுள்ள அடையாளத்தின்மேல் ஐயமற்ற தீர்ப்பைக் கட்ட முடியாது.

5. தோல் கூறிய சாட்சி

2009-இல் அரிசோனா சர்வகலாசாலையைச் சேர்ந்த கிரெக் ஹாட்ஜின்ஸ், நூலின் வெவ்வேறு இடங்களிலிருந்து நான்கு ஏடுகளின் ஓரத்தில் மெல்லிய துண்டுகளை எடுத்து, கார்பன்-14 முறையில் சோதித்தார். இம்முறையைச் சுருக்கமாக விளக்குவோம். காற்றிலுள்ள கரியில் மிகச் சிறு பங்கு கார்பன்-14 என்னும் வகை. செடி அதனை ஏற்கிறது. செடியை மேயும் கன்றின் உடலிலும் அது சேர்கிறது. கன்று இறந்தபின் புதிதாகச் சேர்வதில்லை. இருப்பது மட்டும் ஓர் ஒழுங்கான வேகத்தில் குறைந்து, சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் கன்று இறந்த காலம் தெரியும்.

சோதனையின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. நான்கு துண்டுகளும் ஒத்த காலத்தையே காட்டின. அக்காலம் 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நம்பத்தக்க கணக்கு அது. அதே 2009-இல் சிகாகோ நகரையடுத்த மெக்ரோன் ஆய்வுக்கூடத்தார் மையையும் வண்ணங்களையும் சோதித்தனர். மை, அக்காலத்தில் வழக்கிலிருந்த இரும்புச்சத்து மை. வண்ணங்களிலும் பிற்காலப் பொருள் என்று காட்டத்தக்கது எதுவும் அகப்படவில்லை.

இதனால் முதலில் வீழ்ந்தது பேக்கன் கதை. அவர் 1292-ஐ ஒட்டி மறைந்தவர். நூறாண்டுகளுக்குப் பின் பிறந்த கன்றின் தோலில் அவர் எழுதியிருக்க முடியாது. எட்வர்ட் கெல்லி பிறந்தது 1555-இல். தோலோ அதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முந்தியது.

“தோல் பழையதாயினும் எழுத்து புதியதாக இருக்கலாமே! எழுதாத பழைய தோலை வோய்னிச் வாங்கியிருக்கலாமே!” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மையின் காலத்தைக் கார்பன் முறையால் இந்நூலில் கணித்தாரில்லை. ஆயினும் மறுமொழி உண்டு. ஒரே காலத்தைச் சேர்ந்த எழுதாத தோல் நூறு ஏடுகளுக்கு மேல் 1912-இல் ஒருசேரக் கிடைப்பது எளிதன்று. அன்றியும், கார்பன்-14 முறை கண்டுபிடிக்கப்பட்டது 1940-களின் இறுதியில். அப்படி ஒரு சோதனை பின்னால் வரும் என்று முன்னரே அறிந்து ஒருகாலத் தோலைத் தேர்ந்தெடுத்தார் என்பது நம்பத்தக்கதன்று. அறிந்திருந்தாலும், பேக்கன் நூலென்று விற்க நினைப்பவர் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தோலையல்லவா தேடியிருக்கவேண்டும்? எல்லாவற்றிற்கும் மேலாக, பாரெஷ் 1639-இல் எழுதிய கடிதத்தை வோய்னிச் கண்டவர் அல்லர். காணாத கடிதத்திற்கு ஏற்பப் போலி செய்தார் என்று சொல்வது வழக்கறிஞருக்கும் கடினம்.

ஆகவே முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பொருள் பழையது. வோய்னிச் மீது சாட்டிய குற்றத்திற்கு ஆதாரமில்லை. அவர் நூலின் ஆசிரியரைப்பற்றித் தவறாகக் கருதினார் என்பது மெய். தவறாகக் கருதுவது ஒன்று; மோசடி செய்வது மற்றொன்று.

6. அல்கிந்தியின் எண்ணிக்கை

இனி வாசகத்திற்கு வருவோம். மறைத்தெழுதிய செய்தியை எண்ணிக்கையால் உடைக்கும் முறையை எழுதிவைத்தவர்களுள் இன்று நமக்குத் தெரிந்தவரை முதல்வர், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவஞானி அல்கிந்தி ஆவார். அவருடைய நூலின் பிரதி இஸ்தான்புல் சுலைமானிய்யா நூல்நிலையத்தில் கிடைத்து, 1980-களில் அச்சேறியது. அவர் கூறும் வழி எளிது. செய்தி எந்த மொழியில் இருக்கிறதோ அம்மொழியில் மறைப்பில்லாத நீண்ட வாசகம் ஒன்றை எடுத்துக்கொள். எந்த எழுத்து மிகுதியாக வருகிறது, எது அடுத்தபடி வருகிறது என்று எண்ணு. அரபியில் அலிஃபும் லாமும் அடிக்கடி வரும். பின் மறைத்த வாசகத்திலுள்ள குறிகளையும் அவ்வாறே எண்ணி, வரிசைக்கு வரிசை பொருத்திப் பார்.

வோய்னிச் நூலை ஆராய்வோர் பலர் இன்று கணிப்பொறியைக்கொண்டு செய்வதும் அடிப்படையில் இந்த எண்ணிக்கையே. ஆனால் அல்கிந்தியின் முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: மொழி இன்னதென்று தெரிந்திருக்கவேண்டும். இந்நூலில் அதுவே தெரியவில்லை. பூட்டும் தெரியாது, சாவியும் தெரியாது என்ற நிலை.

ஆயினும் எண்ணிக்கை சில செய்திகளைத் தந்தது. நூலில் 35,000-க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. சில சொற்கள் மிக அடிக்கடியும் பல சொற்கள் மிக அரிதாகவும் வருவது உண்மையான மொழிகளைப் போலவே இருக்கிறது. ஆனால் சில எழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். சில முடிவில்தான் வரும். ஒரே சொல் இரண்டு மூன்று முறை தொடர்ந்து வருவதும் உண்டு. ஓர் எழுத்தைப் பார்த்ததும் அடுத்த எழுத்தை ஊகிப்பது ஐரோப்பிய மொழிகளைக்காட்டிலும் இதில் எளிது. இதனை 1976-இல் யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லியம் பென்னட் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் பிரெஸ்காட் கரியர் என்பவர், நூலின் எழுத்துநடை இரு வகையாகப் பிரிகிறதென்றும், ஒருவருக்கு மேற்பட்டோர் எழுதியிருக்கின்றனர் என்றும் காட்டினார். 2020-இல் லிசா ஃபேகின் டேவிஸ் என்னும் கையெழுத்து நிபுணர், எழுதிய கைகள் ஐந்து என்று பிரித்துக் காட்டினார்.

7. அவசரத்தால் வந்த வினை

வாசகத்தைப் படித்துவிட்டதாகச் சொன்னவர் பலர். அவர்களுள் வில்லியம் நியூபோல்டின் கதை ஒவ்வொரு மாணவரும் அறியவேண்டியது. பென்சில்வேனியா சர்வகலாசாலையில் தத்துவப் பேராசிரியராயிருந்த அவர் நேர்மையானவர், நன்கு கற்றவர். 1921-இல் அவர் ஓர் அதிசயத்தை வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியும் எழுத்து வெறும் மூடி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் நுண்ணிய கோடுகள் உண்டு. அவையே பேக்கனின் இரகசிய எழுத்து என்றார். அவ்வழியே படித்து, பேக்கன் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தூரதரிசினியும் நுண்ணோக்கியும் கொண்டிருந்தார் என்று முடிவு கட்டினார். உலகம் வியந்தது.

நியூபோல்ட் 1926-இல் காலமானார். அவருடைய நண்பரும் சிகாகோ பேராசிரியருமான ஜான் மேன்லி, 1931-இல் அந்த வாதத்தை நுணுகி ஆராய்ந்தார். நுண்ணிய கோடுகள் என்றவை, காய்ந்த மை சொரசொரப்பான தோலின்மேல் வெடித்ததால் உண்டான பிளவுகள்! படித்த முறையோ, வேண்டியவாறு எழுத்துகளை மாற்றி அடுக்க இடம் தருவது. அதனால் எவரும் தமக்கு வேண்டிய எதனையும் அதிலிருந்து எடுத்துவிடலாம். நண்பராயிற்றே என்று மேன்லி மழுப்பவில்லை. பிழையைச் சுட்டியபோது நண்பரின் நேர்மையைக் குறைகூறவும் இல்லை. இரண்டையும் ஒருங்கே செய்வது எளிதன்று.

8. பொருள் உண்டா, இல்லையா?

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரின் இரகசிய எழுத்தை உடைத்த குழுவின் தலைவர் வில்லியம் ஃபிரீட்மன், 1944 முதல் துணைவரைச் சேர்த்துக்கொண்டு இந்நூலை ஆராய்ந்தார். அவராலும் படிக்க இயலவில்லை. யாரோ ஒருவர் புதிதாகச் செய்துகொண்ட செயற்கை மொழியாக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

2004-இல் கோர்டன் ரக் என்னும் ஆராய்ச்சியாளர் வேறொரு வாதம் கொண்டுவந்தார். சொற்பகுதிகளை அட்டவணையாக எழுதி, துளையிட்ட அட்டையை அதன்மேல் நகர்த்திக்கொண்டே போனால், பொருளே இல்லாமல் இதைப்போன்ற பக்கங்களை நிரப்பிவிடலாம் என்று செய்து காட்டினார். 2019-இல் டார்ஸ்டன் டிம், ஆந்திரேயாஸ் ஷின்னர் இருவரும் அட்டையும் வேண்டாம் என்றனர். முன்னர் எழுதிய சொல்லைப் பார்த்து, சிறிது மாற்றி மாற்றி எழுதிச் சென்றாலே இந்த ஒழுங்கெல்லாம் வந்துவிடும் என்றனர். இவ்வாதம் நிலைத்தால் நூல் பழையதுதான், ஆனால் பழைய ஏமாற்று என்றாகும்.

மறுபக்கத்து வாதமும் உண்டு. 2013-இல் மார்செலோ மொந்தெமுர்ரோ, தாமியான் சனெத்தே என்னும் இருவர், நூலிலுள்ள சொற்கள் பகுதிக்குப் பகுதி திரண்டு வருவதைக் கணக்கிட்டனர். செடிப் பகுதிக்கு உரிய சொற்கள் வேறு, விண்மீன் பகுதிக்கு உரியவை வேறு என்று அமைந்திருப்பது பொருளுள்ள நூல்களின் இயல்பு என்றனர். ஐந்து பேர் எழுதினர் என்னும் கருத்தும் இங்கே எண்ணத்தக்கது. தனியொரு மோசடிக்காரன் இரகசியமாகச் செய்ததென்று அதன்பின் சொல்வது கடினம். ஐவர் கூடி ஓர் எழுத்தைப் பயின்று எழுதினர் என்றால், அவர்களுக்குள்ளாவது அதற்கு ஏதோ ஒரு பயன் இருந்திருக்கலாம்.

வாசகர்கள் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். ‘பொருளின்றியும் இப்படி எழுத முடியும்’ என்று காட்டுவது, ‘பொருளின்றித்தான் எழுதினார்கள்’ என்று நிரூபிப்பதாகாது. ‘பொருளுள்ள நூலைப் போல இருக்கிறது’ என்பதும், ‘பொருள் இதோ’ என்று எடுத்துக்காட்டுவதாகாது. இரு தரப்பாரும் ஆற்றின் பாதி தூரம் நீந்தியிருக்கின்றனர். அக்கரை சேர்ந்தவர் ஒருவரும் இல்லை.

9. நாம் கூறும் முடிவு

மூன்று கேள்விகளுக்கும் மூன்று தனி விடைகள். பொருள் பழையதா? ஆம், பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது எனக் கொள்ள வலுவான சான்றுகள் உள்ளன. சொல்லப்படும் வரலாறு உண்மையா? பேக்கன் எழுதினார் என்பது வீழ்ந்தது. ருடால்ஃபின் அரண்மனைத் தொடர்பு ஏற்கத்தக்கது. அதற்கு முற்பட்ட ஒன்றரை நூற்றாண்டு வரலாறு அறுந்த ஸனதாகவே நிற்கிறது. பொருள் உண்டா? இங்கே மார்சி நின்ற இடத்திலேயே நாமும் நிற்கிறோம். அவர் எழுதி மூன்றரை நூற்றாண்டுகள் கடந்தும் தவக்குஃபே தக்க நிலையாக இருக்கிறது.

‘தெரியவில்லை’ என்று சொல்வதைச் சிலர் தோல்வியாகக் கருதுகின்றனர். அஃதன்று. முயன்று, சோதித்து, எது வரையில் தெரியும் என்று எல்லை கட்டியபின் சொல்லும் ‘தெரியவில்லை’ ஓர் அறிவு. ஆராயாமல் சொல்லும் ‘தெரியும்’ அறிவன்று.

10. நமக்குரிய பாடம்

நம்மவர் வீடுகளிலும் பழைய ஏடுகள் உண்டு. பாட்டனார் கப்பலில் கொண்டுவந்த அரபுத்தமிழ்க் கிதாபு, வக்ஃபுப் பத்திரம், வமிச வரிசை எழுதிய தாள் என்று பெட்டியின் அடியில் கிடக்கும். ஒருவர், “இது ஐந்நூறு வருஷத்துப் பொக்கிஷம்” என்பார். மற்றவர், “எல்லாம் கட்டுக்கதை, குப்பையில் போடு” என்பார். இருவரும் சோதிக்காமல் பேசுகின்றனர். இத்தகைய ஏட்டை நம்பி மானமும் சொத்தும் உறவும் நிற்பதுண்டு, ஆகையால் அவசரப்படலாகாது.

செய்யத்தக்கவை சில. ஏடு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, தேதியிட்டு எழுதிவையுங்கள். முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் கிழிக்காதீர்கள். பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மங்கிய எழுத்தைப் புது மையால் தடவாதீர்கள். தெபெனெட்ஸின் கையொப்பத்தைத் தெளிவாக்க வோய்னிச் தடவிய ரசாயனம் அந்த ஏட்டில் நீங்காத கறையாக நின்றுவிட்டது. ஏட்டிலுள்ள ஆண்டு, ஊர், பெயர் இவற்றை அல்கத்தீபு அவர்களைப்போல் வரலாற்றோடு ஒத்துப் பாருங்கள். எவரையும் ‘போலி செய்தவர்’ என்று சொல்லுமுன், அவர் தவறாகக் கருதியிருக்கக்கூடுமா என்று ஒருமுறை எண்ணுங்கள்.

படிப்பு வட்டத்தில் கலந்துரையாடச் சில வினாக்கள்

(அ) ‘பொருள் பழையது’, ‘கதை உண்மையானது’ — இவ்விரண்டும் ஏன் வேறு வேறு? நூலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருக.

(ஆ) அல்கத்தீபு அவர்களின் வாதமும் சூரியகாந்தி வாதமும் வடிவில் ஒத்தவை. ஒன்று நிலைத்தது, மற்றொன்று நிலைக்காதது ஏன்?

(இ) பாரெஷின் 1639-ஆம் ஆண்டுக் கடிதம் வோய்னிச் மீதுள்ள குற்றச்சாட்டை எவ்வாறு தகர்க்கிறது?

(ஈ) அல்கிந்தியின் முறை இந்நூலில் முழுப்பயன் தராதது எதனால்?

(உ) உங்கள் வீட்டிலுள்ள பழைய ஏடு அல்லது பத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது கைமாறி வந்த வழியை எழுதுக. எந்த இடத்தில் தொடர் அறுகிறது?